வாடகை வீட்டுல பூசணம் பிடிச்சா அட்வான்ஸ்ல கழிக்கலாமா?

நாகர்கோவில் பக்கம் வாட்ஸ்அப்ல ஒண்ணு சுத்துது, "சுவர்ல பூசணம் வந்தா குடியிருக்கவங்கதான் பொறுப்பு, அட்வான்ஸ்ல கழிச்சுக்கலாம்"னு. தப்புங்க.

2019 பிப்ரவரில நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகை சட்டத்தோட இரண்டாவது அட்டவணைய பாருங்க, கட்டட ரிப்பேர், வெள்ளையடிக்கிறது, பைப் மாத்துறது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. நாம உடைச்சதுக்குத்தான் நாம பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு மாதிரி சின்ன வேலையும் நம்மளோடதுதான்.

அதனால ஈரம் எங்கேருந்து வருதுனு பாக்கணும். நம்ம ஊர்ல ஆனி ஆடிலயும் மழை, ஐப்பசி கார்த்திகைலயும் மழை, சுவர் காயவே நேரமில்ல. எங்க வீட்டுல பீரோவ நகத்தினா பின்னாடி முழங்கால் உயரத்துக்கு கறுப்புப் புள்ளி, பட்டுச்சேலையெல்லாம் நாத்தம், பாத்தா மாடி பாத்ரூம் பைப் கசிவு, அதுக்கு நான் எப்படி பொறுப்பாவேன் சொல்லுங்க? கசிவ நிறுத்தாம மேல பெயிண்ட் அடிச்சா திரும்பவும் வரும்.

ஆனா நாள் முழுக்க ஜன்னல பூட்டிட்டு ரூமுக்குள்ளயே ஈரத்துணி காயப்போட்டு வந்த பூசணம்னா அது நம்ம தப்பு, அதயும் ஒத்துக்கணும்.

கசிவு தெரிஞ்ச அன்னிக்கே போட்டோ எடுத்து, வீட்டுக்காரருக்கு எழுத்துல அனுப்பி வச்சிருங்க.