உட்கார்ந்து பேசியதும் டியூட்டிதான்

அந்த வீடியோவை நேற்றிலிருந்து எத்தனை பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கணக்கே இல்லை. காலேஜ் குரூப், பள்ளிக்கூட குரூப், கடைசியில் எங்கள் குலதெய்வம் கோயில் குரூப்பில்கூட வந்துவிட்டது. எல்லாரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி விளக்கப் போவதில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நர்ஸ் பேசுகிறார், எடுத்தவர் சுவர்க் கடிகாரத்தையும் அவரையும் மாற்றி மாற்றிக் காட்டி, "பாருங்க மக்களே, சம்பளம் வாங்கிட்டுக் கதை பேசிக்கிட்டு உக்காந்திருக்குது" என்று வர்ணனை கொடுக்கிறார். அந்தப் பெண்ணுக்கு மெமோ கொடுத்தாயிற்றாம். அதற்கும் கீழே கைதட்டல், நெருப்பு எமோஜி.

நானும் நர்ஸ்தான். ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பெண் அப்போது வேலைதான் செய்துகொண்டிருந்தார்.

இதை நானாகச் சொல்லவில்லை. நர்சிங் படித்த யாரையும் கேட்டுப் பாருங்கள். படிக்கும்போது மனநல வார்டில் பயிற்சிக்குப் போடுவார்கள், அங்கே பிராசஸ் ரெக்கார்டிங் என்று ஒரு நோட்டு எழுத வேண்டும். நோயாளி சொன்னது, நாம் சொன்னது, அதில் எதைக் கவனித்தோம், ஏன் அப்படிக் கேட்டோம் என்று வரிக்கு வரி. ஆமாம், இல்லை என்று முடிந்துபோகிற கேள்வியாகக் கேட்டிருந்தால் மார்க் குறையும். "ஒண்ணும் ஆகாதுங்க, எல்லாம் சரியாயிரும்" என்று எழுதியிருந்தால் மேடம் சிவப்பு மையில் சுழித்துவிடுவார், ஏனென்றால் சரியாகுமா என்று நமக்கே தெரியாதபோது அப்படிச் சொன்னால் நோயாளி அதற்கு மேல் பயத்தைச் சொல்லவே மாட்டார். நோயாளி பேசாமல் இருந்தால் நாமும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் அதில் ஒரு முறை. ஆமாம், சும்மா உட்கார்ந்திருப்பதற்கு மார்க். வீடியோ எடுத்தவர் கேட்டால் மயங்கி விழுந்துவிடுவார், அப்போதும் நாங்கள்தான் பிபி பார்க்க வேண்டும்.

ஹில்டெகார்டு பெப்லாவ் என்று ஒரு அமெரிக்க நர்ஸ். நர்சுக்கும் நோயாளிக்கும் உள்ள உறவுதான் நர்சிங்கின் மையம் என்று ஒரு புத்தகமே எழுதியவர். 1948-லேயே எழுதி முடித்துவிட்டார், வெளிவந்தது 1952-ல். ஏன் தெரியுமா? கூட ஒரு டாக்டர் பெயர் இல்லாமல் ஒரு நர்ஸ் தனியாகப் புத்தகம் போடுவது அன்றைக்கு ஒத்துக்கொள்ளக்கூடிய விஷயமாக இல்லை. அதற்கப்புறம் எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்றைக்கும் டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று இரண்டு நிமிஷம் பேசினால் "தங்கமான மனுசனுங்க", நர்ஸ் பேசினால் கதை.

அப்புறம் நம் ஊர் ஆட்களைப் பற்றி நமக்கே தெரியாதா? வலியை வாய்விட்டுச் சொல்வது மரியாதைக்குறைவு என்று நினைக்கிற ஜனம் நாம். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரியவர், காங்கேயம் பக்கம் தோட்டத்துக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள் (அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன்). சர்க்கரை, காலில் புண். ரவுண்ட்ஸில் டாக்டர் கேட்டால் "பரவாலீங் சார்". பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவுங்க ஐயா என்று நான் கேட்டால், சந்தையில் மாட்டுக்கு விலை சொல்கிற மாதிரி கொஞ்சம் யோசித்து, "ஒரு ரண்டு போட்டுக்குங்க அம்மிணி" என்பார். டிரஸ்ஸிங் பிரிக்கும்போது கட்டில் கம்பியை அவர் பிடிக்கிற பிடியைப் பார்த்தால் ரண்டா அது?

கேஸ் ஷீட்டில் வீட்டில் இன்சுலின் இத்தனை யூனிட் என்று எழுதியிருந்தது. வார்டிலும் அதே அளவுதான் போட்டோம். விடிகாலையில் சர்க்கரை கடகடவென்று இறங்கி ஆள் வியர்த்து நனைந்துவிட்டார். குளுக்கோஸ் ஏற்றிச் சரிசெய்தோம், ஆனால் ஏன் இப்படி ஆயிற்று என்று யாருக்கும் பிடிபடவில்லை. அன்றைக்கு ராத்திரி வார்டு அடங்கின பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சர்க்கரையைப் பற்றிக் கேட்கவில்லை. மாடு கன்றை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் அவர் காளை பிடித்த கதை, மகன் வண்டிமாட்டை விற்றுவிட்டு டிராக்டர் வாங்கிய கதை எல்லாம் வந்தது. அப்புறம் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "ஏனம்மிணி, எம்பட கால எடுத்துப்போடுவாங்களா?" என்றார். அதற்கும் பிறகுதான், ஊசி போட ஆரம்பித்தாலே முடிந்துபோன கேஸ் என்று பங்காளி ஒருவர் சொன்னதாகவும், வீட்டில் மாசக்கணக்கில் ஊசியே போடவில்லை என்றும், கேட்கிறவர்களிடம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டதாகவும் வெளியே வந்தது. வீட்டில் போடாத அளவை நாங்கள் இங்கே முழுசாகப் போட்டிருக்கிறோம்! காலையில் டாக்டரிடம் சொன்னேன், அளவைக் குறைத்து எழுதினார். காலைப் பற்றியும் பக்கத்தில் நின்று விளக்கினார்.

இதைக் கண்டுபிடிக்கிற ரத்தப் பரிசோதனை எந்த லேபிலும் கிடையாது. ஆனால் அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்ததை அன்றைக்கு யாராவது போனில் எடுத்திருந்தால் எனக்கும் மெமோதான்.

சரி, கமெண்ட்களுக்கு வருகிறேன்.

"பக்கத்து பெட்ல டிரிப்ஸ் தீர்ந்து கெடக்குது, அது கண்ணுக்குத் தெரியலையா?" நியாயமான கேள்வி, பாட்டில் தீர்ந்தால் பார்க்கத்தான் வேண்டும். ரத்தம் டியூபில் கொஞ்சம் பின்னேறலாம், லைன் அடைத்துக்கொண்டால் மறுபடி ஊசி குத்த வேண்டி வரும், தப்புதான். ஆனால் அந்த வார்டில் அந்த ஷிப்டுக்கு எத்தனை நர்ஸ் என்று ஒருவராவது கேட்டீர்களா? பொது வார்டில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனை என்றால் ஐந்து பேருக்கு ஒருவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்கிறது. ராத்திரியில் ஒரு வார்டுக்கே ஒருத்தியாக நின்றவள் நான். அந்தக் கடிகாரத்தைக் காட்டியவர் அப்படியே கேமராவைத் திருப்பிக் கட்டில்களையும் எண்ணியிருக்கலாம்.

ஒருவர் பீஸ் ரேட் கணக்கே போட்டிருக்கிறார், பேசிய நேரத்தில் எத்தனை ஊசி போட்டிருக்கலாம் என்று. அண்ணா, உங்கள் பனியன் கம்பெனியில் துணி பயப்படாது.

"கவுன்சலிங்னா அதுக்கு ஆள் இருக்குது, நர்ஸ் எதுக்கு?" ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

"நர்ஸெல்லாம் எரிஞ்சு எரிஞ்சு விழுவாங்க, பிரசவ வார்டுல என்ன பேச்சுப் பேசறாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?" இதைத்தான் அதிகம் பேர் எழுதியிருக்கிறார்கள், பெண்கள்தான் அதிகம். இல்லை என்று சொல்ல மாட்டேன். பேசுகிறார்கள், நானே கேட்டிருக்கிறேன், கேட்கவே கூசும். ஆனால் இது எனக்கு விளங்கவில்லை. சிடுசிடுவென்று பேசினாலும் திட்டுகிறீர்கள், உட்கார்ந்து பொறுமையாகப் பேசினாலும் வீடியோ எடுக்கிறீர்கள். பின்னே நாங்கள் என்னதான் செய்ய? இந்த மெமோவைப் பார்த்த சின்னப் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்ளும்? நாளையிலிருந்து ஊசி போட்டோமா, சார்ட் எழுதினோமா, போனோமா என்று இருக்கும். அப்புறம் "இந்தக் காலத்து நர்ஸ்களுக்கு இரக்கமே இல்லை" என்று அடுத்த பதிவு நீங்களே போடலாம்.

மேனேஜ்மெண்ட் செய்கிறதுதான் இதில் பெரிய வேடிக்கை. பல இடங்களில் எங்களுக்கு வருஷாவருஷம் சாஃப்ட் ஸ்கில்ஸ் கிளாஸ் நடக்கும். கோட்டு சூட்டோடு ஒருவர் வந்து, எப்படிச் சிரிக்க வேண்டும், "வணக்கம் சார், என் பெயர் இன்னது, இன்றைக்கு உங்களைக் கவனித்துக்கொள்ளப் போவது நான்" என்று எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லித் தருவார். டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஃபீட்பேக் ஃபாரத்தில் ஸ்டார் விழ வேண்டும், அதற்குத்தான். அந்தச் சிரிப்பு முப்பது விநாடியில் முடிந்துவிடும், அதனால் அதற்கு மெமோ கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாவின் முகம் வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது. நைட்டியோடு, தலை கலைந்து, அழுத கண்ணோடு. அவரிடம் யாராவது கேட்டீர்களா? அதை ஃபார்வர்டு செய்த கோயில் குரூப் பெரியவர்களே, அது உங்கள் வீட்டு அம்மாவாக இருந்தால்?

சம்பளம், சம்பளம் என்கிறீர்கள். 2015-ல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) பரீட்சை எழுதி அரசு ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளைகளுக்குத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். தனியாரில் இருக்கும் எங்கள் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். மாப்பிள்ளை பார்க்கப் போனால் "நர்ஸுங்களா, நைட் டியூட்டியெல்லாம் உண்டுங்களா" என்று தரகர் இழுக்கிற இழுப்பு இருக்கிறதே, அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கொரோனா சமயத்தில் இதே குரூப்களில்தான் எங்களுக்குக் கும்பிடு போடுகிற படமாக வந்துகொண்டிருந்தது.

கடைசியாக ஒரு அண்ணாவுக்கு. பெயர் போடவில்லை, எங்கள் ஊர்தான், படித்தால் அவருக்குத் தெரியும். "வீட்ல பேச ஆளில்லாம ஆஸ்பத்திரில வந்து பேசறாங்க போல" என்று எழுதி, சிரிக்கிற பொம்மையும் போட்டிருக்கிறீர்கள். உங்கள் அம்மா எங்கள் வார்டில் இருந்தபோது நீங்கள் ஊரில் இல்லை. ராத்திரி தூக்கம் வராமல் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார். என்ன பேசினார் என்று இங்கே எழுத மாட்டேன். நீங்களே நேரில் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்.