மோட்டார் சுவிட்ச் யாரு வீட்ல இருக்கு

"மிஸ், ரெண்டும் சேர்ந்தே நடக்காதுன்னா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லன்னுதானே அர்த்தம்? அப்ப அது சார்பிலா நிகழ்ச்சிகள்தானே?" பிளஸ் ஒன் நிகழ்தகவு பாடத்துல வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளை இதைக் கேட்டுரும், இந்த வருஷமும் போன வாரம் கேட்டுச்சு. கேக்கறது தப்பே இல்ல, கேட்டா அப்படித்தான் தோணும். ஆனா கணக்கு நேர் தலைகீழா இருக்கும். பகடைய உருட்டறோம், ஒற்றைப்படை விழுந்துருச்சுன்னு சொல்லிட்டா இரட்டைப்படை விழுந்திருக்க வாய்ப்பு பூஜ்யம். ஒண்ணப் பத்தித் தெரிஞ்ச உடனே இன்னொண்ணோட கதையே முடிஞ்சு போகுது, இதைவிட என்ன சார்பு வேணும்? அதே பகடையில "இரட்டைப்படை"ங்கறதையும் "1 அல்லது 2"ங்கறதையும் எடுத்துக்கங்க. முதல்லதுக்கு 1/2, ரெண்டாவதுக்கு 1/3, ரெண்டும் சேர்ந்து நடக்கறது 2 விழுந்தா மட்டும், அது 1/6. பெருக்கிப் பாத்தா சரியா வருது. ரெண்டுக்கும் பொதுவா ஒரு எண் இருக்கு, ஆனாலும் ஒண்ணு நடந்ததுனால இன்னொண்ணோட வாய்ப்பு கூடவும் இல்ல குறையவும் இல்ல. அதுதான் சார்பிலா, இங்கிலீஷ்ல இண்டிபெண்டன்ட்.

விலகிப் போறது வேற, சாராம இருக்கறது வேறன்னு போர்டுல எழுதிட்டு வந்தேன், எழுதின நாள்லேருந்து மண்டைக்குள்ள அதேதான் ஓடுது. ஏன்னா இதே தப்பைத்தான் நாம வெளியிலயும் பண்ணிட்டு இருக்கோம், "இண்டிபெண்டன்ட்"னு ஒரே ஒரு வார்த்தைய வச்சு. அப்பா சொல்றதுக்கெல்லாம் எதிர்ப்பக்கமா முடிவெடுக்கறவன இண்டிபெண்டன்ட்னு சொல்றோம், அவன் ஒவ்வொரு முடிவையும் அப்பாவைப் பாத்துத்தான் எடுக்கறான்னு நமக்குத் தோணறதே இல்ல.

தமிழ்ல இதுக்கு ஒரே வார்த்தை கிடையாது, அது நல்லதுன்னுதான் நினைக்கறேன். தேர்தல்ல நின்னா சுயேச்சை, நாட்டுக்குன்னா சுதந்திரம் விடுதலை, மத்திய இணை அமைச்சர்னா தனிப் பொறுப்பு, கணக்குல சாரா மாறி, வாடகை விளம்பரத்துல தனி வீடு. ஆனா இப்ப விளம்பரத்துலயும் இண்டிபெண்டன்ட் ஹவுஸ்னுதான் போடறாங்க, நாங்க திருச்சிக்கு வந்த புதுசுல அப்படி ஒண்ணு பாத்துத்தான் குடி போனோம். தனி கேட், தனி மாடிப்படி, யாரோட சுவரும் ஒட்டல. குடி போன மறுநாள் காலைல குழாயத் தொறந்தா தண்ணி இல்ல. போர் மோட்டார் பொது, சுவிட்ச் பின்னாடி ஓனர் வீட்ல. அவங்க ஊருக்குப் போனா எங்களுக்குத் தண்ணி கிடையாது, விருந்தாளி வந்தா "என்னம்மா இன்னைக்கு ரெண்டு தடவை டேங்க் காலியாயிருச்சு"ன்னு கேள்வி. ரெண்டு வருஷம் இருந்தோம். அதுக்கப்புறம் பாத்த வீடு அப்பார்ட்மெண்ட், நாலு பக்கமும் ஆளு, ஆனா தண்ணிக்கு நான் யார்கிட்டயும் போய் நிக்க வேண்டியதில்ல. அன்னைலேருந்து யாராவது இண்டிபெண்டன்ட்னு சொன்னா என் மனசுல முதல்ல வர்ற கேள்வி, சுவிட்ச் யார்கிட்ட?

சுயேச்சைங்கற வார்த்தை எனக்குப் பிடிக்கும். சுய இச்சை, தன்னோட விருப்பம், அவ்வளவுதான். யாரையும் சாராதவர்னு அது சொல்லவே இல்ல, சொந்த விருப்பத்துல நிக்கறவர்னுதான் சொல்லுது. 1957ல காஞ்சிபுரத்துல ஜெயிச்ச அண்ணாவும் குளித்தலையில ஜெயிச்ச கருணாநிதியும் தேர்தல் ஆணையப் பதிவுல சுயேச்சைங்கதான், ஏன்னா திமுகவுக்கு அப்ப அங்கீகாரம் இல்ல. அன்னைக்கு ஜெயிச்ச பதினஞ்சு பேருக்குப் பின்னாடியும் ஒரு கட்சியே இருந்துச்சு. 2017 டிசம்பர்ல ஆர்.கே. நகர்ல குக்கர் சின்னத்துல ஜெயிச்ச தினகரனும் சுயேச்சைதான், அவரையும் தனியாளுன்னு யாரும் நினைக்கல. பேப்பர்ல இருக்கற சுயேச்சைக்கும் நிஜத்துக்கும் அவ்வளவு தூரம்.

இன்னொரு பக்கம் 1996, ஈரோடு பக்கம் மொடக்குறிச்சி. விவசாயிங்க தங்களோட குறைய யாரும் காது குடுத்துக் கேக்கலன்னு கூட்டம் கூட்டமா மனு போட்டாங்க, மொத்தம் 1033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டியதாப் போச்சு, வாக்குப்பதிவையே தள்ளி வச்சாங்க. அதைச் சிலர் வேடிக்கைக் கதையாச் சொல்றப்ப எனக்குக் கோவம் வரும். ஆயிரம் பேரு தனித்தனியா நின்னது ஜெயிக்கறதுக்கு இல்ல, ஆயிரம் பேரும் சேர்ந்து ஒரே விஷயத்தைச் சொல்றதுக்கு. தனித்தனி மனு, ஒரே குரல். அதுக்கப்புறம் என்ன ஆச்சு? சட்டமன்றத்துக்கு 250 ரூபாயா இருந்த டெபாசிட் அதே வருஷம் 5,000 ஆச்சு, இப்ப 10,000. அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய ஒருத்தர் போதும், சுயேச்சைக்குப் பத்து பேரு வேணும். தேர்தல் நேரத்துல கட்சி வேட்பாளர் இறந்துட்டா அந்தத் தொகுதியில வாக்குப்பதிவைத் தள்ளி வைப்பாங்க, சுயேச்சை இறந்தா தேர்தல் பாட்டுக்கு நடக்கும். அளவுக்கு மீறின கூட்டத்தைக் குறைக்க ஏதாவது செய்யணும்னு சொன்னதுல நியாயம் இருக்கலாம், ஆனா தனியா நிக்கறவனுக்குத்தான் கைமுதல் கூட வேணும், ஆளுபலம் கூட வேணும்ங்கறது இதுல பச்சையாத் தெரியுதுல்ல?

இதுல எனக்குச் சரின்னு படற விதி ஒண்ணு இருக்கு. 1985ல கொண்டு வந்த கட்சித் தாவல் சட்டத்துல, சுயேச்சையா ஜெயிச்ச ஒருத்தர் அப்புறம் ஏதாவது கட்சியில சேர்ந்தா பதவி போயிரும். ஓட்டு போட்டவங்க கட்சி இல்லாத ஆளைத்தான் அனுப்பினாங்க, அவங்களக் கேக்காம அதை மாத்த உனக்கு உரிமை இல்லன்னு அர்த்தம். சுய இச்சைன்னு வந்தவரையும் யாரோ நம்பி அனுப்பியிருக்காங்கன்னு அந்த விதிக்குத் தெரிஞ்சிருக்கு.

சுதந்திரம்ங்கற வார்த்தைக்கு ஒரு பழைய அர்த்தம் இருக்குன்னு தெரிஞ்சப்ப அன்னைக்குத் தூக்கமே வரல. நம்ம ஊர்ப்பக்கம் மிராசு காலத்துல அறுவடை முடிஞ்சு களத்துல நெல்லை அளக்கறப்ப, ஊருக்கு வேலை செய்யறவங்களுக்கும் பரம்பரை உரிமை உள்ளவங்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கிக் கொடுப்பாங்க, அந்தப் பங்குக்குப் பேரு சுதந்திரம். வெள்ளைக்காரன் காலத்து வருவாய்த் துறைப் பதிவுகள்லயே இந்த வார்த்தை வருது. அதாவது ஊரை விட்டு விலகி நிக்கறதுக்குப் பேரு சுதந்திரம் இல்ல, ஊர்ல உனக்குன்னு இருக்கற உரிமைக்குத்தான் சுதந்திரம்னு பேரு. இதை நான் பொற்காலமாச் சொல்லல. களத்துமேட்டுல யாரு உக்காந்து அளந்தாங்க, யாரு கீழ நின்னு துண்டை விரிச்சு வாங்கினாங்கன்னு நமக்குத் தெரியாததா, ஜாதிய வச்சுத்தான் அந்தப் பங்கே. அளக்கற மரக்கால் ஒருத்தர் கையில இருந்துச்சு, சுதந்திரம் இன்னொருத்தருக்கு. 1947 ஆகஸ்ட் 15 ஐ பெரியார் துக்க நாள்னு சொன்னதுக்கும் அண்ணா அதை ஏத்துக்காம அது கொண்டாட வேண்டிய நாள்தான்னு நின்னதுக்கும் நடுவுல இருந்தது இந்த மரக்கால் கேள்விதான்னு எனக்குத் தோணும். வெள்ளைக்காரன் கையிலேருந்து போச்சு சரி, யார் கைக்குப் போச்சு?

அரசியல் சாசனம் எழுதினவங்களுக்கு இது நல்லாவே புரிஞ்சிருந்துச்சு. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதி யாருக்கும் பயப்படாம இருக்கணும்னா அவரு நல்ல மனுஷனா இருந்தா மட்டும் போதாதுன்னு, சம்பளத்தை நேரா அரசு வருமானமெல்லாம் சேர்ற தொகுப்பு நிதியில வச்சாங்க, பாராளுமன்றமோ சட்டமன்றமோ அதுக்கு ஓட்டெடுப்பு நடத்த முடியாது. பதவியில இருக்கறப்ப அவருக்குப் பாதகமா சம்பளத்தைக் குறைக்கவும் சாதாரணமா முடியாது. கம்பெனிங்கள்லயும் 2013 சட்டப்படி பங்குச்சந்தையில இருக்கற கம்பெனின்னா இயக்குநர்கள்ல மூணுல ஒரு பங்கு இண்டிபெண்டன்டா இருக்கணும், அவங்களுக்கும் கம்பெனி நடத்தற குடும்பத்துக்கும் சொந்தம் கூடாது. அதையும் இதே மாதிரி யோசிச்சுத்தான் போட்டிருக்காங்க, ஆனா அவங்களத் தேர்ந்தெடுக்கற இடத்துல அதே குடும்பத்துக்கும் ஓட்டு இருக்கு, அந்த ஓட்டை அடைக்காத வரைக்கும் எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல. சரி அது வேற கதை.

நான் சொல்ல வந்தது இன்னொருத்தரப் பத்தி. எட் ராபர்ட்ஸ்னு அமெரிக்காவுல கலிஃபோர்னியாக்காரர். சின்ன வயசுல போலியோ வந்து கழுத்துக்குக் கீழ கிட்டத்தட்ட எதுவுமே அசையாது, ராத்திரி மூச்சு விடவே ஒரு இரும்புப் பொட்டிக்குள்ள படுக்கணும். 1962ல பெர்க்லி பல்கலைக்கழகத்துல சேர்ந்தாரு, அந்தப் பொட்டிய வைக்க ஹாஸ்டல்ல வசதி இல்லாம வளாகத்துல இருந்த ஆஸ்பத்திரியிலயே தங்கிப் படிச்சாரு. அவரும் அவரை மாதிரி வந்த மத்தவங்களும் சேர்ந்து 1972ல ஒரு மையம் ஆரம்பிச்சாங்க, அதுக்கு வச்ச பேருலயே இண்டிபெண்டன்ட் லிவிங்னு இருக்கு. குளிக்க, சாப்பிட, உடுத்த எல்லாத்துக்கும் இன்னொரு கை வேணும்னு இருக்கறவங்க தங்கள இண்டிபெண்டன்ட்னு சொன்னாங்க! அவங்க சொன்னது இதுதான், நானே செய்யறேனாங்கறது கேள்வி இல்ல, எப்ப எழுந்திரிக்கணும், எங்க குடியிருக்கணும், எனக்கு உதவறது யாருங்கறதை நான் முடிவு பண்றேனாங்கறதுதான் கேள்வி. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில 19வது பிரிவு இதைத்தான் சொல்லுது, இந்தியாவும் 2007ல அதை ஏத்துக்கிச்சு.

இதைப் படிச்சப்ப எனக்கு எங்க அம்மா ஞாபகம்தான் வந்துச்சு.

அப்பா போய் ஆறு வருஷமாச்சு. அம்மா கும்பகோணத்துல எங்க பழைய வீட்டுல தனியாத்தான் இருக்காங்க, எங்க யார் வீட்டுக்கும் வரமாட்டேன்னுட்டாங்க. சொந்தக்காரங்க யாரு வந்தாலும் "அம்மா செம இண்டிபெண்டன்ட்பா"ன்னு சொல்லுவாங்க, நானும் என் ஸ்டாஃப் ரூம்ல அதையேதான் பெருமையாச் சொல்லிட்டு இருந்தேன். போன வருஷம் ஐப்பசியில பாத்ரூம்ல வழுக்கி விழுந்திருக்காங்க. மணிக்கட்டு வீங்கி, இடது கையாலயே சமைச்சுச் சாப்பிட்டுட்டு, ராத்திரி போன் பண்றப்ப எல்லாம் "நல்லா இருக்கேன்டி, நீ சாப்பிட்டியா"ன்னு. நாலு நாள் கழிச்சு பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும். ஓடிப்போய் "ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல"ன்னு அழுதா, அம்மா ரொம்ப சாதாரணமாச் சொன்னாங்க, "நீங்கதான் எனக்கு யாரும் வேணாம்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கீங்களே. அதைக் கெடுப்பானேன்னுதான்."

அந்த வார்த்தைய நாங்க அம்மாவுக்குப் பாராட்டாக் கொடுக்கல, எங்களுக்கு வசதிக்காகக் கொடுத்திருக்கோம். அம்மா இண்டிபெண்டன்ட்னு சொல்லிட்டா மாசத்துக்கு ஒரு தடவை போனாப் போதும், பாத்ரூம்ல டைல்ஸ் எப்படி இருக்குன்னு பாக்க வேண்டாம். பொம்பளைங்களுக்கு இது நிறைய நடக்குது, வேலைக்குப் போற பொண்ணு, தனியாப் பிள்ளைய வளக்கற அம்மா, எல்லாரையும் ஸ்ட்ராங் இண்டிபெண்டன்ட்னு சொல்லிட்டு, தூக்கற மூட்டைய ஒரு பக்கம் பிடிக்கக்கூட யாரும் கிட்ட வர்றதில்ல. கேக்கவும் அவங்களுக்கு வாய் வராது, கேட்டா அந்தப் பேரு போயிருமே.

அதுக்கப்புறம் நான் செஞ்சதும் தப்புதான். அம்மாவைக் கேக்காம ஹால்ல ஒரு கேமரா மாட்டினேன், திருச்சியிலேருந்து போன்ல பாத்துக்கலாம்னு. மூணாவது நாள் படத்துல ஒண்ணும் தெரியல, அம்மா துண்டைப் போட்டு மூடிட்டாங்க. "நான் புடவை மாத்தறதெல்லாம் நீ எதுக்குப் பாக்கற"ன்னு கேட்டாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அந்த ஓனர் வீட்டு மோட்டார் சுவிட்சை நான் எங்கம்மாவுக்கு வச்சிருக்கேன்.

அடுத்த சனிக்கிழமை போய் உக்காந்து, உனக்கு என்னம்மா வேணும்னு கேட்டேன், ஆறு வருஷத்துல முதல் தடவையா. கடகடன்னு சொன்னாங்க, எல்லாம் யோசிச்சே வச்சிருந்திருக்காங்க. பாத்ரூம்ல பிடிச்சுக்க ஒரு கம்பி. வழுக்காத டைல்ஸ். காய் வாங்கி வரவும் வீடு பெருக்கித் துடைக்கவும் ஒரு ஆளு, ஆனா சமையல்ல கை வைக்கக் கூடாது. போன் நான் பண்ணக் கூடாது, காலைல ஆறரைக்கு அவங்களே பண்ணுவாங்க, வரலன்னா நான் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடலாம். வேலைக்கு வர்ற அக்காவை அம்மாவே பேசிப் பிடிச்சாங்க, சம்பளமும் அவங்களே பேசினாங்க, அப்பாவோட பென்ஷன்லேருந்து அவங்களே கொடுக்கறாங்க, நான் கொடுக்கறேன்னதுக்கு விடல. வெள்ளிக்கிழமை மட்டும் லேட்டா வரச் சொல்லியிருக்காங்க, வாசல் கோலம் அன்னைக்கு அம்மாவேதான் போடணுமாம்.

கேமராவைக் கழட்டி டப்பாவுல போட்டுக் கொண்டு வந்துட்டேன். நேத்து ஏதோ மனசு கேக்காம சாயங்காலம் நானே போன் அடிச்சேன். ரிங் போய்ட்டே இருந்துச்சு, எனக்குக் கை நடுங்குது, மூணாவது தடவை எடுத்து, "சாரங்கபாணி கோயில்ல இருக்கேன்டி, பக்கத்து வீட்டு அக்கா கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா, ராத்திரி பேசறேன்"னு வச்சுட்டாங்க.