பால் அட்டையில் யார் பெயர்?

நேற்று காலை சொசைட்டியில் பால் ஊற்றும்போது ஒருவர் தன் மகனைத் திட்டிக்கொண்டிருந்தார். "படிக்கலன்னா மாடு மேய்க்கத்தான் போவ." பையன் கையில் பால் கேன். விடியும் முன் எழுந்து தொழுவத்தில் நின்றவன் அவன். வீட்டுச் செலவு அந்த கேனில்தான் நடக்கிறது. அந்த வேலையையே வசவாக்கிச் சொன்னதைக் கேட்டு நாள் முழுக்க மனசு ஆறவில்லை.

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். ஐந்து உருப்படி வைத்திருக்கிறோம். நான்கு ஜெர்சி கலப்பு, ஒன்று ஆலம்பாடி. ஆலம்பாடி உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனம், பால் கொஞ்சம்தான். அப்பா ஆசையாக வளர்த்த மாட்டின் வழியில் வந்தது என்பதால் விற்க மனம் வரவில்லை.

அப்பா காலத்தில் எல்லாம் மேய்ச்சல். ஆண்கள் காலையில் காட்டோரம் ஓட்டிப்போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். கலப்பின மாடு வந்த பிறகு கட்டுத்தறியில் நிறுத்தித் தீனி போட ஆரம்பித்தோம். மேய்ச்சல் நிலமும் சுருங்கியது. 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது எங்கள் ஊரில் எழுந்த முதல் கேள்வியே மாட்டை எங்கே ஓட்டுவது என்பதுதான். மாடு வீட்டோடு நின்றதும் அதன் வேலையும் வீட்டோடு வந்துவிட்டது. சாணி அள்ளுவது, தண்ணி காட்டுவது, ராகித்தாள் பிடுங்கிப் போடுவது, கறப்பது என்று எல்லாம் பெண்கள் தலையில் ஏறியது. ஆனால் சொசைட்டியில் ஊற்றும் பாலைக் குறித்துவைக்கும் பால் அட்டை அப்பா பெயரிலேயே இருந்தது. அவர் போன பிறகு என் பெயருக்கு மாறியது. அம்மா பெயரையோ மனைவி பெயரையோ யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை, அது என் தப்பு.

போன வருடம் ஒரு மாட்டுக்கு மடிநோய் வந்தது. கறக்க உட்கார்ந்த மனைவிதான் கண்டுபிடித்தாள். முதல் பீச்சில் பால் திரிதிரியாக வந்தது, பின்காம்பு சூடாக இருந்தது. டாக்டர் வந்ததும் என்னைப் பார்த்து, "எப்போதிலிருந்து? தீனி எடுக்குதா? எந்தக் காம்பு?" என்று கேட்டார். ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. கொஞ்சம் தள்ளி நின்ற மனைவிதான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அதன் பிறகும் அவர் அடுத்த கேள்வியை என்னிடமே கேட்டார்.

ஊசி போட்டுவிட்டு ஒரு கைமருந்தும் சொன்னார். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், மூன்றையும் அரைத்துத் தண்ணீரில் கரைத்து, பாலைச் சுத்தமாகப் பீய்ச்சிவிட்டு மடி முழுக்கத் தடவ வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து தடவை, ஐந்து நாள். கற்றாழையை மகள் வரப்பிலிருந்து வெட்டி வந்தாள். சுண்ணாம்பு அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து வந்தது. பள்ளிக்கூடம் போகும் முன் மகன், பகலில் அம்மா, சாயங்காலம் மகள், ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் நானும் மனைவியும். தனி ஆளாக இதைச் செய்து பாருங்கள், இரண்டாம் நாளே கை ஓய்ந்துவிடும். நான்காம் நாள் பால் தெளிந்தது. அன்றைக்குக் களி சாப்பிட ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். மகன் விடாமல் மாட்டுக் கதையே பேசிக்கொண்டிருந்தான்.

அதனால்தான் சொல்கிறேன், பிள்ளைகளைத் தொழுவத்திலிருந்து விரட்டாதீர்கள். படிக்கட்டும், நன்றாகப் படிக்கட்டும். ஆனால் மாடு மேய்ப்பதைத் தண்டனைபோல அவர்களிடம் சொல்லாதீர்கள். அப்புறம், கறக்கிறவர் யாரோ அவர் பெயரில் அட்டை இருக்கட்டும். மாட்டுக் கடன், காப்பீடு, பயிற்சி என்று எது வந்தாலும் அட்டையில் பெயர் உள்ளவரைத்தான் முதலில் தேடுகிறார்கள். 2026-ஐப் பெண் விவசாயிகளின் ஆண்டாக ஐநா அறிவித்திருக்கிறது. அது நம் ஊர் சொசைட்டி வரைக்கும் வர வேண்டாமா?

சென்ற மாதம் எங்கள் அட்டையை மனைவி பெயருக்கு மாற்றினேன். "ஏன், உனக்கு என்ன ஆச்சு?" என்று மூன்று பேர் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, வேலை செய்கிறவள் அவள் என்றேன். முதல் பட்டுவாடா அவள் கணக்கில் விழுந்த அன்று, பணம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் அட்டையில் தன் பெயரைத்தான் இரண்டு முறை படித்தாள்.

வருகிற செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் சந்தைக்குப் போகிறோம். ஒரு கிடேரி, அதாவது இன்னும் கன்று போடாத இளம் பசு வாங்க வேண்டும். பல் பிடித்துப் பார்ப்பதும், துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவதும் அவள்தான். கயிறு பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்பேன்.