ஆமாம், டிராப்டவுனுக்குத்தான் இரண்டு நாள்

வியாழக்கிழமை நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் விடுங்கள், பெயரெல்லாம் சொல்லப் போவதில்லை. ஆப்பில் ஒரு டிராப்டவுன், அதாவது தட்டினால் பட்டியல் விரியும் பெட்டி, செய்ய நான் எடுத்த நாளைப் பார்த்து ஒருவர் கமெண்ட் போட்டார். "ஒரு டிராப்டவுனுக்கு ரெண்டு நாளா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் மூன்று சிரிப்புப் பொம்மை. கீழே பதினொரு பேர் சிரித்திருந்தார்கள். அதில் நான்கு பேருக்கு, ஆப் எழுதும் கருவியான ஃபிளட்டரைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். சரி, அது இருக்கட்டும்.

ஆமாம், இரண்டு நாள் ஆனது. மாவட்டம் தேர்வு செய்யும் பெட்டி. பின்கோடு பெட்டிக்குப் பக்கத்தில், பாதி அகலத்தில் ஒடுங்கிக் கிடந்தது. நீளமான பெயர் வந்தால் இடம் போதாமல் மஞ்சள் கறுப்புப் பட்டை காட்டும், அதுதான் ஃபிளட்டரின் வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் அந்தப் பட்டை கண்ணில் படக்கூடாது என்று, மீறினால் மூன்று புள்ளி போட்டு வெட்டிவிடு என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். பட்டை மறைந்துவிட்டது. மாவட்டமும் மறைந்துவிட்டது.

தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். அதில் ஏழு 'திரு'வில் தொடங்குகின்றன: திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி, திருப்பத்தூர், திருப்பூர், திருவண்ணாமலை, திருவள்ளூர், திருவாரூர். சின்ன போன், எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள் என்றால் ஏழும் ஒரே மாதிரிதான் தெரியும். "திரு…"

சிரிப்பாக இருக்கிறதா? எனக்கும் இருந்தது, போன வருடம் வரை. அம்மா திருவாரூரில் தனியாக இருக்கிறார். வேறு ஏதோ ஒரு ஆப்பில் முகவரி போட்டுக்கொண்டிருந்தவர் எனக்குப் போன் செய்தார். "ஏண்டா, இதுல திருன்னு போட்டுருக்கு. எனக்கு திருமதின்னுல்ல வரணும்? எங்க மாத்தறது?" பட்டியலைத் திறந்து அரியலூரிலிருந்து விருதுநகர் வரை திருமதியைத் தேடியிருக்கிறார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "எனக்குத்தான் தெரியல போலருக்கு, பக்கத்து வீட்டுப் பையன போடச் சொல்லிக்கறேன்" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பட்டியல் திறந்திருக்கும்போது தெரிவது வேறு, தேர்வு செய்தபின் மூடிய பெட்டியில் தெரிவது வேறு. இரண்டுக்கும் வேலையே வேறு. திறந்த பட்டியலில் ஆள் தேடுகிறார். அங்கே தமிழ்ப் பெயர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஆங்கிலப் பெயர் என்று விவரமாகக் காட்டலாம். மூடிய பெட்டியில் தான் போட்டது சரியா என்று பார்க்கிறார்; அங்கே பெயர் முழுதாகத் தெரிந்தால் போதும். இது ஃபிளட்டரின் கிறுக்கும் இல்லை. ஆண்ட்ராய்டின் பழைய டிராப்டவுனான ஸ்பின்னரிலேயே கெட்வியூ பெட்டிக்கு, கெட்டிராப்டவுன்வியூ பட்டியலுக்கு என்று பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். ஃபிளட்டரில் மூடிய பெட்டியில் தெரிவதைத் தனியாக எழுதத்தான் செலக்டட் ஐட்டம் பில்டர். அதை எழுதினேன். வரிசையின் உயரம் வழக்கமாக 48 என்று நிற்கும்; இரண்டு வரி வைத்துவிட்டு எழுத்தைப் பெரிதாக்கினால் இடிக்கும், 'ளூ'வின் வால் நறுக்கென்று போகும். அந்த உயரத்தை நல் (null, அதாவது எண் எதுவும் இல்லை) என்று கொடுத்து, உள்ளே இருப்பதற்கு ஏற்ப நீளவிட்டேன். பின்கோடு பெட்டியைக் கீழே இறக்கினேன். சோதிக்க வீட்டிலிருந்த பழைய போனைக்கூட எடுத்து வந்தேன்.

"இருக்கிற டிஃபால்ட்டை அப்படியே விட வேண்டியதுதானே?" என்பீர்கள். டிஃபால்ட், அதாவது தானாக வரும் அமைப்பு, யாருக்காக வைத்தது? தேனிக்கும் கரூருக்கும் சரியாக வரும். "ஆங்கிலத்திலேயே காட்டு" என்றும் ஒருவர் சொன்னார். அவருக்குப் பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. "ஏஐ ஐந்து நிமிடத்தில் எழுதித் தரும்." தந்தது. மூன்று புள்ளி வைத்துத் தந்தது.

"38 பெயருக்கு டிராப்டவுனே தப்பு, தேடும் பெட்டி வைக்கணும்" என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அதை முதல் நாளே சொன்னவன் நான். டிசைனில் இல்லை என்று மறுத்தது யார் என்று அந்தப் பதினொரு பேருக்கும் தெரியும். தேடும் பெட்டி என்றாலும் தமிழில் தட்டத் தெரிய வேண்டும், என் அம்மாவுக்குத் தெரியாது என்பது தனிக் கதை.

இன்னொன்று. அகரவரிசை. சும்மா சார்ட் (வரிசைப்படுத்து) என்று கொடுத்தால், கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் யூனிகோடு எண்படி கடலூருக்கு அடுத்து கன்னியாகுமரி, பிறகு கரூர், பிறகு கள்ளக்குறிச்சி. நம் வரிசையில் இவற்றில் கன்னியாகுமரிதான் கடைசி, ஏனென்றால் னகரம் கடைசி எழுத்து. மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். அதைச் சரிசெய்ததற்குக் கிடைத்த பெயர் "தமிழ் வாத்தியார்". கிண்டலாகத்தான். என் தாத்தா உண்மையிலேயே தமிழ் வாத்தியார், அதனால் அது எனக்கு வசவாகவே படவில்லை என்று எழுத ஆசைதான். பட்டது.

சர்வர் பக்கம் ஒருவர் ஒரு டேட்டாபேஸ் வினவலை வேகமாக்க ஒரு வாரம் எடுத்தால் கைதட்டுகிறீர்கள். நானும்தான் தட்டினேன். திரையில் ஆள் கண்ணால் பார்க்கிற இடத்தில் இரண்டு நாள் என்றால் "கலர் அடிக்கிற வேலை". ஒன்பது வருடமாகக் கேட்கிறேன். முதல் நான்கு வருடம் நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்தக் கமெண்ட்டை நேற்று அழித்துவிட்டார்கள் போல. ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, போடமாட்டேன்.

இன்று காலை புது வேலை வந்திருக்கிறது. மாவட்டத்துக்குக் கீழே வட்டம் (தாலுகா) தேர்வு செய்யும் பெட்டி. மதிப்பீடு: 2 மணி நேரம். முதலில் திருத்துறைப்பூண்டியைப் போட்டுப் பார்க்கிறேன்.