தாய்லாந்து கணக்கு பிலிப்பினோ சாப்பாட்டுக்குப் பொருந்தாது
தாய்லாந்து அரசு 2002-இல் 'குளோபல் தாய்' திட்டம் போட்டு வெளிநாடுகளில் உணவகங்களைப் பெருக்கியதுபோல் பிலிப்பைன்ஸ் அரசும் பணம் இறக்கியிருந்தால் பிலிப்பினோ சாப்பாடு எப்போதோ உலகம் சுற்றியிருக்கும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிலிப்பைன்ஸிலிருந்து வெளிநாடு போனவர்கள் யார் என்று பாருங்கள்: நர்சுகள், கப்பல் ஊழியர்கள், வீட்டுப் பணிப்பெண்கள். மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்புகிறவர் எந்த முதலை வைத்துக் கடை திறப்பார்? அவர்கள் சமைத்தது தங்களுக்குள் சாப்பிடத்தான். சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை பிலிப்பினோக்கள் கூடும் லக்கி பிளாசா வணிக வளாகத்தின் பக்கம் போனால் தெரியும். சினிகாங் என்ற புளிப்பு சூப் கிண்ணத்தில் புளித்தண்ணீர், முள்ளங்கி, கங்கோங் கீரை, முழுசாக மிதக்கும் பச்சை மிளகாய்; பக்கத்தில் மிளகாய் நசுக்கிப் போட்ட மீன் சாறு. நம் ரசத்தில் வளர்ந்த நாக்குக்கு அந்தப் புளிப்பைப் பழக்கப்படுத்திக்கொள்ள ஒரு வாய் போதும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து சொன்ன ஒரு நண்பர், வெளிநாட்டவருக்காகப் புளிப்பையும் இறால் விழுதின் வாடையையும் குறைக்கணும் என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். காரே-காரே என்ற வேர்க்கடலைக் குழம்பில் உப்பு சப்பு பெரிதாக இருக்காது, தொட்டுக்கொள்ளும் அந்த விழுதுதான் அதைத் தூக்கி நிறுத்துகிறது. அதை எடுத்துவிட்டு யாருக்கு எதைப் பரிமாறுவது? சிகாகோவில் 'கசாமா' என்ற உணவகம், சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிஷலின் நட்சத்திரத்தை 2022-இல் வாங்கியது. பிலிப்பினோ உணவகம் ஒன்றுக்கு அது முதல் தடவை. அதை நடத்துவது ஒரு தம்பதி. கணவர் புலம்பெயர்ந்த பிலிப்பினோ குடும்பத்துப் பிள்ளை. அரசு உதவ நினைத்தால் விழா மேடைகளை விட்டுவிட்டு, இப்படிக் கடை போட முன்வரும் பிள்ளைகளுக்குக் கடன் கொடுக்கட்டும்.