பின்னுக்கு எடுக்கிறவனுக்கு இரண்டு நிமிடம் விடுங்கள்

இன்று காலை ஏழேகால் மணி. மட்டக்களப்புக்குத் தெற்கே களுவாஞ்சிகுடிக்குக் கிட்ட ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிற சீமெந்து ஸ்டோருக்கு பிரைம் மூவரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். பிரைம் மூவர் என்றால் இழுக்கிற தலை தனி, பின்னால் பூட்டின பெட்டி தனி, இரண்டும் நடுவில் மடங்கும். 40 அடிப் பெட்டியின் வால் அப்போதுதான் ஒழுங்கை வாசலுக்குள் நுழைகிறது, தலை முழுக்க வீதியில். பின்னால் நிற்கிற கிளீனர் பொடியன் இரண்டு கையையும் தூக்கி ஆட்களை மறிக்கிறான். ஒழுங்கைக்குள்ளிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பெற்றோல் தாங்கியின் மேல் வெள்ளைச் சீருடையோடு ஒரு சின்னப் பிள்ளை. பொடியன் கத்தக் கத்த அவனையும் சுற்றிக்கொண்டு, பெட்டிக்கும் மதிலுக்கும் இடையில் இருந்த மூன்றடிக்குள் புகுந்து வெளியே வந்தார். வந்தவர் என் ஜன்னலைப் பார்த்து, "ஓடத் தெரியாட்டி ஏன்டா ஏறுறாய்?" என்று ஏசிவிட்டுப் போனார்.

எனக்குக் கை நடுங்கியது. இன்னும் கோபம் அடங்கவில்லை. அந்தப் பெட்டியில் 50 கிலோ பை 500 இருக்கிறது. 25 தொன். அந்த இடைவெளி ஒரே அளவாக நிற்கிற இடைவெளி இல்லை, நான் ஸ்டேரிங்கைக் கொஞ்சம் ஒடித்தாலே பெட்டி மதிலோடு போய் ஒட்டும். அந்தப் பிள்ளையை நான் கண்டது அவர்கள் வெளியே வந்த பிறகுதான். என்னை ஏசியது கிடக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

நான் இந்த வண்டிக்கு வந்து மூன்று மாதம். அதற்கு முன் ஆறு வருடம் லொறி ஓடினேன். லொறியை எந்தச் சந்துக்குள்ளும் பின்னுக்கு எடுப்பேன், அதில் எனக்குப் பயமே இல்லை. பெட்டி பூட்டின வண்டி வேறு. அனுமதிப்பத்திரத்திலேயே கனரக லொறி சி, பெட்டி பூட்டினது சிஇ என்று வேறு வகுப்பாகத்தான் வைத்திருக்கிறார்கள். லொறியில் பின்பக்கம் வலப்புறம் போகவேண்டுமென்றால் ஸ்டேரிங்கை வலப்புறம் திருப்புவோம். இதில் இடப்புறம் திருப்பவேண்டும். தலை ஒரு பக்கம் போகும், பெட்டி மறுபக்கம் போகும். ஆறு வருடம் கையில் ஊறினது எல்லாம் இங்கே எதிரி.

திருப்பினவுடனே பெட்டி கேட்கவும் மாட்டாது. ஒரு நொடி, இரண்டு நொடி ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். "காணாது" என்று நினைத்து இன்னும் ஒடித்தால், அதன் பிறகு ஒரேயடியாக மடங்கும். மடங்க விட்டால் தலை பெட்டியில் போய் மோதும். அதற்கு முன் பிடிக்கவேண்டும். எந்தக் கண்ணாடியில் பெட்டி அதிகமாகத் தெரிகிறதோ அந்தப் பக்கமே ஸ்டேரிங்கை மெதுவாகக் கொண்டுபோனால் நேராகும். சரிவராவிட்டால் முன்னுக்கு இழுத்து நேராக்கிவிட்டுத் திரும்பத் தொடங்கவேண்டும். இதுதான் வேலை. முன்னுக்கு இழுப்பதைப் பிழையென்று நினைக்கிறவர்கள்தான் ஹோர்ன் அடிக்கிறார்கள். ஐயா, நான் முன்னுக்கு வருவது உங்கள் நேரத்தை வீணாக்க இல்லை. மதிலையும் கரண்ட் போஸ்ட்டையும் காப்பாற்றத்தான்.

திருகோணமலையில் ஏற்றி, வெருகல், வாகரை, வாழைச்சேனை, மட்டக்களப்பு, கல்லடிப் பாலம், காத்தான்குடி என்று அவ்வளவு தூரமும் வந்ததில் ஒரு கஷ்டமும் இல்லை. உயிர் போவது கடைசி நாற்பது அடியில்.

கடல் பக்கத்து ஒழுங்கை என்றால் இன்னும் மோசம். மட்டக்களப்பிலிருந்து கல்முனைப் பக்கம் வரும்போது அது எனக்கு இடப்பக்கம். நான் இருப்பது வலப்பக்கம். பெட்டி இடப்பக்கமாக மடங்கினால் ஜன்னலால் தலையை நீட்டிப் பார்க்க வழியில்லை, தூரத்தில் இருக்கிற அந்த ஒரு கண்ணாடிதான் கதி. அதுவும் பாதி நேரம் பெட்டியின் பக்கத்தகட்டை மட்டும் காட்டும். இதற்காகவே சில நாள் தாண்டிப்போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவேன். அப்போது ஒழுங்கை வலப்பக்கம் வரும், பெட்டியின் வாலை என் கண்ணால் பார்க்கலாம். ஆனால் வீதியின் இரண்டு பக்கமும் மறிபடும். மறித்தால் பஸ்காரர் ஹோர்ன், ஓட்டோக்காரர் ஹோர்ன், அதுக்குள் ஒருவர் இறங்கி வந்து கதவில் தட்டுவார். பாதுகாப்பாக எடுக்கிறவனுக்குக் கிடைப்பது இதுதான்.

அடுத்தது, உதவி செய்ய வருகிற கூட்டம். மனம் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. தேத்தண்ணிக் கடையிலிருந்து நாலு பேர் எழும்பி வருவார்கள். ஒருவர் "வரட்டும் வரட்டும்" என்பார். இன்னொருவர் "நில்லு நில்லு" என்பார். மூன்றாமவர் "ரைட், ரைட்" என்பார். எந்த ரைட்? சரி, வா என்கிற ரைட்டா, வலப்பக்கம் என்கிற ரைட்டா? வலப்பக்கம் என்றால் ஸ்டேரிங்கா, பெட்டியின் வாலா? இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்று இப்போதுதான் சொன்னேன். போன மாதம் ஒருவர் "ரைட்" என்றதை நம்பி ஒடித்து, வடிகானின் கொங்கிறீட் மூடி ஒன்றை உடைத்தேன். காசு என் சம்பளத்தில் போனது. சொன்னவரை அப்புறம் காணவில்லை.

ஒரே ஒரு ஆள் போதும். என் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்கவேண்டும். நான் அவரைக் காணாவிட்டால் உடனே நிறுத்துவேன், அது எங்களுக்குள் பேச்சு. மற்றவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். உதவி செய்ய ஆசையென்றால் வீதியில் வருகிற மோட்டார் சைக்கிள்களை மறியுங்கள். அதைவிடப் பெரிய உதவி இல்லை.

"படுவான்கரையில பதினைஞ்சு வயசுப் பொடியன் உழவு மெசின் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறான், நீ இதுக்கு இவ்வளவு பாடுபடுறியே" என்று மாமா ஒருவர் கேட்டார். படுவான்கரை என்றால் மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் இருக்கிற வயல் பக்கம். உண்மை, எடுக்கிறான். நெல்லேற்ற வருகிற பொடியன்களை நானே பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவ்வளவு சின்னப் பெட்டி மடங்குவதும் சட்டென்று, அது லேசான வேலை இல்லை. ஆனால் அவன் எங்கே பழகினான்? அறுத்து முடிந்த வயலில். சுற்றிவர ஒரு மதில் இல்லை, ஹோர்ன் இல்லை, ஏசுகிறவர் இல்லை. நூறு தரம் மடங்கினாலும் முன்னுக்கு இழுத்துவிட்டுத் திரும்ப எடுப்பான். எனக்கு அப்படி ஒரு நாள் வயல் யார் தந்தார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஒரு வெறும் காணியில் வெறும் பெட்டியோடு பழகட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன். டீசலுக்கு யார் காசு தருவது என்று கேட்டார். நான் பழகியது முழுக்க லோட்டோடு, வீதியில், சனத்துக்கு நடுவில்.

எனக்குக் காட்டித் தந்தது ஒரே ஒரு மனிதர், முப்பது வருடம் ஓடின பழைய சாரதி. ஸ்டேரிங்கின் அடியில் கையைப் பிடிக்கச் சொன்னார். அடியில் பிடித்தால் கை எந்தப் பக்கம் போகிறதோ பெட்டியும் அந்தப் பக்கம் போகும், மண்டைக்குள் குழப்பம் இல்லை. அந்த ஒரு சொல்லில் எனக்குப் பாதி திறந்தது. அதோடு, "சந்தேகம் வந்தா இறங்கிப் பாரு மனே. பாக்காம இடிச்சாத்தான் வெக்கம்" என்றார். அதனால் இறங்கிப் பார்க்கிறேன். ஒரு தரம் எடுக்க இரண்டு மூன்று முறை இறங்குவேன். சனம் சிரிக்கிறது, "புதுசு போல" என்கிறது. ஓம், புதுசுதான். புதியவன் இறங்கிப் பார்க்காமல் எடுத்தால்தான் நீங்கள் பயப்படவேண்டும்.

அந்த மோட்டார் சைக்கிள்காரர் மூன்றடி இடைவெளிக்குள் போய் மிச்சம் பிடித்தது இரண்டு நிமிடம். பள்ளிக்கூட மணி அடித்தால்கூடப் பரவாயில்லையே, அந்தப் பிள்ளை பிந்திப் போயிருக்கலாமே!

நாளைக்கும் அதே ஸ்டோருக்குத்தான் லோட். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற நேரம் முடிய, ஒன்பது மணிக்குப் பிறகு இறக்கலாமா என்று முதலாளிக்கு மத்தியானமே அழைப்பு எடுத்துக் கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார். இரவு பத்தாகிவிட்டது, இன்னும் சொல்லவில்லை.