அந்த எட்டு வருடத்துக்கு அத்தாட்சி இல்லை

"அப்பா, நீங்க காலேஜ் படிச்சப்ப எப்படி இருந்தீங்க?" என்று மகள் கேட்டாள். காட்டலாம் என்று தேட ஆரம்பித்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விட்டது.

நான் தவழ்ந்த படம் ஆல்பத்தில் இருக்கிறது. பின்பக்கம் அம்மாவின் கையெழுத்தில் தேதிகூட உண்டு. மகள் பிறந்த நாளிலிருந்து எடுத்தவை எல்லாம் போனில் இருக்கின்றன. அவள் தும்மியதுகூட இருக்கிறது. நடுவே 2003 முதல் 2011 வரை, ஒரே ஒரு குழுப்படத்தைத் தவிர எதுவும் இல்லை. அப்போது படமே எடுக்கவில்லையா என்றால், அதுதான் வேடிக்கை. வாழ்க்கையில் நான் அதிகம் படமெடுத்துத் திரிந்த காலமே அதுதான்.

பிலிம் ரோலில் 36 படம். கண்ணைச் சிமிட்டாதே என்று மிரட்டித்தான் ஒவ்வொன்றையும் எடுப்பார்கள். அப்புறம் கேமரா போன் வந்தது. 640க்கு 480 புள்ளிதான், ஆனாலும் கணக்கில்லாமல் எடுத்தோம். போன் நிறைந்தால் கணினிக்கு, கணினி நிறைந்தால் சிடிக்கு. சிடியில் ஏற்றிவிட்டால் ஆயுசுக்கும் இருக்கும் என்று நம்பினோம். வீட்டில் நாம் எழுதும் சிடியில் லேசர் தடம் பதிப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெக்கையும் பட்டால் அந்தச் சாயம் கெட்டுப்போகும். இது எனக்குப் 15 வருடம் கழித்துத்தான் தெரிந்தது. உறையில் இருந்த 11 சிடிகளில் இரண்டுதான் திறந்தன. அதில் ஒன்று பாட்டு சிடி. மீதியெல்லாம் ஹார்ட் டிஸ்கில் இருந்தது. அது மேசையிலிருந்து விழுந்து 'டிக் டிக்' என்று சத்தம் போட்டதோடு சரி.

குறுஞ்செய்தியின் கதை இன்னும் மோசம். ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் அடித்தால் 70. பெட்டி நிறைந்துவிட்டால், பழையதை அழித்தால்தான் புதியது உள்ளே வரும். எதை வைத்துக்கொள்வது என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். அப்படிப் பொறுக்கி வைத்தவையும் அந்தப் போனோடு போயின. பிளாப்பியிலிருந்து மீட்ட என் கவிதைகள் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு பரவுவதற்கு முந்தைய ஏதோ ஒரு எழுத்துருவில் இருக்கின்றன. எந்த எழுத்துரு என்று எனக்கே மறந்துவிட்டது. திறந்தால் வெறும் குறியும் கோடும். (கவிதைகளைப் பொறுத்தவரை அது நல்லதுக்குத்தான்.)

டேப்ரிக்கார்டரில் தொடங்கி ஸ்மார்ட்போன் வரை எல்லாம் பார்த்த தலைமுறை நாங்கள் என்று பெருமைப் பதிவுகள் அடிக்கடி வருகின்றன. நானும் லைக் போட்டவன்தான். ஆனால் பார்த்ததைவிட நாங்கள் மூட்டை தூக்கியதுதான் அதிகம். ஒவ்வொரு சாதனமும் ஓயும்போது உள்ளே இருந்ததை அடுத்ததற்கு மாற்றும் வேலை, யாரும் சொல்லாமலே எங்கள் தலையில் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வழியில் சிந்தியது. அம்மாவின் ஆல்பத்தை யாரும் எதற்கும் மாற்றவில்லை. அது பாட்டுக்குப் பரணில் கிடந்தது.

இப்போதுதான் கிளவுட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, கடவுச்சொல் ஞாபகம் இருக்கும்வரை. நான் போனபிறகு அந்தக் கணக்கை யார் திறப்பார்கள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பிரிண்ட் போட அவளுடைய படங்களில் 40 எடுத்துக் கொடு என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். "எல்லாமே நல்லாத்தானே இருக்கு" என்கிறாள். மூன்று வாரமாக ஆறிலேயே நிற்கிறது. குழுப்படத்தில் மூன்றாவது வரிசையில் பாதி முகம் தெரிவது நான்தான் என்பதை மட்டும் அவள் இன்னும் நம்பவில்லை.